சிறுவர் படப்புத்தகத்தை வைத்து வகுப்பில் கவிதை கற்பித்தல்: முழுமையான வழிகாட்டி

இது தரம் 3, 4, 5 வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதியது. ஒரு படப்புத்தகமும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது என்றாலும் வேலை நடக்கும். பாடநூலில் உள்ள செய்யுளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யுளுக்குப் போக முன்னர் இதைச் செய்தால், செய்யுள் பாடம் பாதி முடிந்த மாதிரி.

முழுவதிலும் ஒழுங்கு ஒன்றுதான்: ஓசை முதல், வரி அடுத்து, கருத்து கடைசி. பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களின் பாடங்களைப் பின்வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். பாடம் கவிழ்வது அநேகமாக இந்த ஒழுங்கு மாறிய இடத்தில்தான். புத்தகத்தை வாசித்து மூடிய கையோடு, "இந்தக் கதையில இருந்து நாங்கள் என்ன படிச்சனாங்கள்?" என்று கேட்பார்கள். "ஒற்றுமையாய் இருக்க வேணும் ரீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அதற்குப் பிறகு கவிதைக்கு அங்கே இடமில்லை.

1. புத்தகத்தைத் தெரிவு செய்தல்

வீட்டில் எழுந்து நின்று ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கண்ணால் வாசித்துத் தெரிவு செய்த புத்தகம் வகுப்பில் காலை வாரும். நாக்கு எங்கே தடக்குகிறது, மூச்சு எங்கே போதாமல் போகிறது என்பது வாய் திறந்தால்தான் தெரியும்.

ஒரு பக்கத்தில் மூன்று நாலு வரிக்கு மேல் இருந்தால் அதைக் கதை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு வேண்டாம். மறுபடி மறுபடி வரும் ஒரு வரி இருந்தால் மிக நல்லது. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அந்த வரியில் ஏறிக்கொள்ளும். சலசல, மொறுமொறு, படபட போன்ற இரட்டைக்கிளவிகள் இருந்தால் இன்னும் நல்லது.

எங்களிடம் கிடைக்கும் படப்புத்தகங்களில் கணிசமானவை மொழிபெயர்ப்புகள். அதில் தப்பில்லை. ஆனால் வினைச்சொற்களைக் கவனியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் "ஓடிக்கொண்டிருந்தது", "பார்த்துக்கொண்டிருந்தது" என்று முடிந்தால், மொழிபெயர்த்தவர் கதையைக் கொண்டுவந்திருக்கிறார், ஓசையை அல்ல. அதை ஒதுக்குங்கள்.

தமிழ்நாட்டில் அச்சான புத்தகமாக இருந்து எங்கள் பிள்ளைகள் சொல்லாத சொல் வந்தால் ஒதுக்க வேண்டாம். வாசிக்கும்போது சொல்லை மாற்றவும் வேண்டாம். "ரீச்சர், நாங்கள் கதைக்கிறது எண்டுதானே சொல்லுவம், இதில ஏன் பேசுது எண்டு இருக்கு?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அதை நாமே முந்திக்கொண்டு கெடுக்கக் கூடாது.

கடைசிப் பக்கத்தில் புத்திமதி இருந்தால், அந்தப் பக்கத்தை ஒரு கிளிப் போட்டு முந்திய பக்கத்தோடு சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டில் தொடங்க வேண்டாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். ஆனால் தொடங்கிய உடனே மெட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். மெட்டு ஓடும்போது சொற்கள் காதில் விழுவதில்லை. நாலாம் படி முடிந்த பிறகு அந்தப் பாட்டுக்குத் திரும்பி வாருங்கள். இவ்வளவு நாளும் பாடிய வரிகளுக்குள் எதுகை இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

புத்தகம் எங்கே எடுப்பது? முதலில் உங்கள் பாடசாலை நூலக அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கும் அலுமாரிகளுக்குள் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு. இணையத்தில் என்றால், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்களைத் தேடலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களை இலவசமாக இறக்கலாம். அவை திறந்த உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். மற்றப் புத்தகங்களை முழுதாகப் போட்டோக் கொப்பி அடிக்க வேண்டாம். வேண்டிய நாலு வரியைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

2. முன்னேற்பாடு

நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இவ்வளவும் முடியாது. முடிக்கப் பார்ப்பவர்கள் ஓசைப் பகுதியை வெட்டிவிட்டு எழுதும் பகுதிக்குப் பாய்வார்கள். நான் பிரிப்பது இப்படி: முதல் நாள் வாசிப்பும் கைதட்டலும். இரண்டாம் நாள் வரி பிரித்தலும் படமும். அன்று பாடம் முடியும் நேரத்தில் வெளியே போய்ச் சத்தம் பொறுக்குதல், மிச்சச் சத்தம் வீட்டில். மூன்றாம் நாள் எழுதுதல். புத்தகம் கட்டுவதைச் சித்திரப் பாடவேளைக்குத் தள்ளலாம்.

புத்தகத்தின் நாலு வரியை ஒரு டிமைத் தாளில் பெரிதாக எழுதிச் சுருட்டி வையுங்கள். சுருட்டி வைப்பதுதான் முக்கியம். முதலிலேயே தொங்கவிட்டால் பிள்ளைகள் வாசிக்கப் பார்ப்பார்கள், கேட்கமாட்டார்கள்.

பழைய கலண்டர் தாள்களை நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஐந்தாம் படியில் குழுவுக்கு ஒரு கட்டுத் துண்டு வேண்டும். ஒரு குழுவில் ஐந்து ஆறு பேருக்கு மேல் போட வேண்டாம். கூடினால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் யன்னலால் பார்ப்பார்கள்.

3. படம் காட்டாமல் வாசித்தல்

முதல் வாசிப்பில் புத்தகத்தின் முகம் உங்கள் பக்கம் இருக்கட்டும். "படத்தைக் காட்டுங்கோ ரீச்சர்" என்று கேட்பார்கள். "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். படம் தெரிந்தால் கண் முந்திவிடும், காதுக்கு வேலை இருக்காது.

வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "எந்தச் சத்தம் காதில நிக்குது?" கதை என்ன, பாத்திரங்கள் யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். முதலில் யாரும் பேசமாட்டார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான விடை எது என்று அவர்களுக்குத் தெரியாது. சரியான விடை தெரியாத கேள்விக்குக் கை உயர்த்திப் பழக்கமும் இல்லை. பொறுத்திருங்கள். ஒரு பிள்ளை ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மற்றவர்கள் வருவார்கள்.

இரண்டாம் வாசிப்பில், திரும்பி வரும் வரிக்குச் சற்று முன்னர் நிறுத்துங்கள். பிள்ளைகள் நிரப்பட்டும். மூன்றாம் வாசிப்பைக் குசுகுசு என்று செய்யுங்கள், அவர்களும் அதே குரலில் சேர்ந்து சொல்லட்டும்.

ஏன் குசுகுசு? முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சொன்னால் எல்லாப் பாட்டும் ஒரே இராகத்தில் இழுபடும். இது வகுப்பறைகளின் பொதுவியாதி. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு இழுவை, ஒரு ஏற்றம். மெல்லிய குரலில் அப்படி இழுக்க முடியாது, சொல் சொல்லாகத்தான் வரும்.

இன்னொரு தவறு ஆசிரியரின் குரல். தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் பாவோதல் பழக்கிய ஆசிரியர்களுக்கு இது வரும்: கை உயரும், புருவம் உயரும், குரல் நடுங்கும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேடைக்கு அது சரி. இங்கே சாதாரணக் குரலில், முற்றுப்புள்ளி வந்தால் நின்று, வாசித்தால் போதும்.

4. கைதட்டி எண்ணுதல்

இப்போது சுருட்டிய தாளை விரியுங்கள். உங்கள் புத்தகத்தில் எந்த நாலு வரியோ எனக்குத் தெரியாது. அதனால் காட்டுவதற்காக நான் எழுதிய நாலு வரியை வைத்துக்கொள்வோம். தைப்பொங்கல் காலத்தில், காற்றில் கூவும் விண்ணைப் பூட்டிப் பட்டம் விடுவது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்.

அண்ணன் கட்டிய பட்டம்
விண்ணைப் பூட்டிய பட்டம்
எட்ட எட்டப் போகுது
விட்டு விட்டுக் கூவுது

ஒவ்வொரு சீரின் தொடக்கத்திலும் ஒரு தட்டு. வரிக்கு மூன்று வரும். சில பிள்ளைகள் அண்-ணன், கட்-டிய, பட்-டம் என்று அசைக்கு ஒன்றாகத் தட்டுவார்கள். அதுவும் சரிதான், வரிக்கு ஆறு வரும். பிழை என்று சொல்லி நிறுத்த வேண்டாம். வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி மூன்று தட்ட, மறுபாதி ஆறு தட்டட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடிவதைக் கேட்கும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். சீர், அசை என்ற சொற்களை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை, சொல்லவும் தேவையில்லை.

அடுத்தது, வரியைக் கெடுத்துப் பார்த்தல். இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். ஒழுங்காக இருக்கும்போது ஓசை காதுக்குத் தெரிவதில்லை, குழம்பும்போதுதான் தெரியும்.

முதல் வரியை "அண்ணன் நேற்றுக் கட்டிய பட்டம்" என்று மாற்றிச் சொல்லித் தட்டச் செய்யுங்கள். கை ஒன்று கூடிவிடும். "இஞ்ச ஏதோ இடிக்குது ரீச்சர்" என்று சொல்வார்கள். எந்தச் சொல்லை எடுத்தால் சரிவரும் என்று அவர்களே தேடட்டும்.

பிறகு மூன்றாம் வரியைத் "தூரத் தூரப் போகுது" என்று மாற்றுங்கள். தட்டு மூன்றுதான், கருத்தும் கிட்டத்தட்ட அதேதான். ஆனாலும் பிள்ளைகள் பழையதைத்தான் கேட்பார்கள். ஏன் என்று கேளுங்கள். "எட்ட எண்டதும் விட்டு எண்டதும் ஒண்டா வருது" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், எதுகை என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். காது பிடித்த பிறகு பெயர் சொன்னால் அது மறக்காது. பெயரை முதலில் எழுதி வரைவிலக்கணம் சொன்னால் பரீட்சை வரைக்கும் இருக்கும்.

இங்கே ஆசிரியர்களே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வரியின் முடிவில் ஒத்து வருவதையெல்லாம் எதுகை என்று சொல்லிவிடுகிறார்கள். போகுது – கூவுது என்பது அடியின் கடைசியில் ஒத்து வருகிறது, அது இயைபு. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும், முதலெழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். அண்ணன் – விண்ணை: இரண்டாம் எழுத்து ண், முதலெழுத்து இரண்டும் குறில். சரி. பட்டு – பாட்டு? இரண்டாம் எழுத்து ட்தான், ஆனால் ஒன்று குறில், மற்றது நெடில். அது எதுகையாகாது. பாட்டு – மாட்டு ஆகும். புள்ளி வைத்த எழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மறப்பார்கள். ப, ட், டு என்று விரல் மடக்கிக் காட்டுங்கள்.

முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. அதற்குத் தனி நாள் வேண்டாம். புத்தகத்தில் வந்த இடத்தில் காட்டிவிட்டுப் போகலாம்.

5. வரி பிரித்தல்

எல்லாப் படப்புத்தகமும் பாட்டாக இருக்காது. பெரும்பாலானவை சின்னச் சின்ன வசனங்கள்தான். அது குறை இல்லை. ஒரு வசனத்தை எங்கே முறித்தால் கவிதை வரி ஆகிறது என்று பழகுவதற்கு இவைதான் தோதானவை.

புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று வசனங்களை எடுங்கள். மாதிரிக்கு இப்படி:

மழை பெய்தது. கிடுகு வேலியில் ஒரு காகம் இருந்தது. அது பறக்கவில்லை.

ஒவ்வொரு சொல்லையும் ஒரு கலண்டர்த் துண்டில் மாக்கரால் எழுதிக் குழுக்களிடம் கொடுங்கள். கொப்பியில் எழுதச் சொன்னால் ஒருமுறை எழுதியதைப் பிள்ளை மாற்றாது. அழித்தால் கொப்பி ஊத்தையாகிவிடும் என்ற பயம். துண்டு என்றால் தயக்கமில்லாமல் நகர்த்தும்.

விதி இரண்டு. சொல்லை எடுத்து வைக்கலாம், புதிதாகச் சேர்க்கக் கூடாது. இருக்கிற சொல்லை இடம் மாற்றலாம். ஒரு குழு அநேகமாக இப்படி அடுக்கும்:

மழை பெய்தது
கிடுகு வேலியில் ஒரு காகம் இருந்தது
அது பறக்கவில்லை

இது வசனங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியது மட்டுமே. பிழை என்று சொல்லாமல் "இதில எந்தச் சொல் சும்மா இருக்குது?" என்று கேளுங்கள். 'இருந்தது' போகும். 'ஒரு' போகும். 'பெய்தது' போகலாமா என்று சண்டை வரும். மழை என்றால் பெய்யத்தானே செய்யும் என்று ஒரு கட்சி. கடைசியில் இப்படி ஒன்று வந்து சேரும்:

கிடுகு வேலியில் காகம்
மழை
பறக்கவில்லை
காகம்

இதில் 'காகம்' இரண்டு தரம் வருகிறது. துண்டு ஒன்றுதானே என்று கேட்டால், 'அது' என்ற துண்டைப் பின்பக்கம் திருப்பிக் 'காகம்' என்று எழுதிவிட்டிருப்பார்கள். விட்டுவிடுங்கள். பெயரைச் சொல்வதா, 'அது' என்று சொல்வதா என்று யோசித்திருக்கிறார்கள்.

'காகம் பறக்கவில்லை' என்பதையும் 'பறக்கவில்லை காகம்' என்பதையும் இரண்டு பேரை எழுப்பி வாசிக்கச் செய்யுங்கள். தமிழில் வினை வழக்கமாகக் கடைசியில் வரும். அதை முன்னுக்குக் கொண்டுவந்தால் அழுத்தம் எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகள் காதாலேயே பிடித்துவிடுவார்கள்.

இந்தப் படியில் வரும் பெரிய தவறு, வரி குறுகினால் கவிதை என்று நினைத்து வரிக்கு ஒரு சொல்லாக அடுக்குவது. பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அது வேறு கதை. இதற்குச் சோதனை: வரி முடியும் இடத்தில் ஒரு மூச்சு நின்று வாசிக்க வேண்டும். 'கிடுகு' என்று சொல்லி நின்றுவிட்டு 'வேலியில்' என்றால் பிள்ளைகளே சிரிப்பார்கள். நிற்க நியாயம் இல்லாத இடத்தில் இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கிடுகு வேலியைக் கண்டிராத பிள்ளைகள் இப்போது நிறைய. "எங்கட வீட்டில தகரம்" என்பார்கள். தகரம் என்றே மாற்றிக்கொள்ளட்டும். மாற்றியதும் மழைக்குத் தடதட என்று சத்தம் வந்துவிடும், அந்தக் கவிதை வேறு கவிதையாகிவிடும்.

6. இப்போது படம்

வாக்குக் கொடுத்தபடி புத்தகத்தைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு கேள்வி போதும். படத்தில் இருந்து சொல்லில் இல்லாதது எது? சொல்லில் இருந்து படத்தில் இல்லாதது எது?

நல்ல படப்புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு வேலை செய்யும். மழை படத்தில் இருந்தால் அந்தச் சொல்லை எழுதியவர் விட்டிருப்பார். எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட இலேசாகக் காட்ட முடியாது.

கருத்துப் பற்றிக் கதைப்பதற்கும் இதுதான் நேரம். ஆனால் "என்ன படிச்சனாங்கள்" வேண்டாம். "இந்த வரியை எடுத்தால் என்ன குறையும்?" என்று கேளுங்கள். விடை எப்படியும் கருத்துக்குத்தான் வரும், ஆனால் வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்.

7. சத்தம் பொறுக்குதல்

"மழை பற்றி ஒரு கவிதை எழுதுங்கோ" என்று சொன்னால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மழையே மழையே வா வா. நிலா என்றால் பால் நிலா. மலர் என்றால் வண்ண மலர். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கொடுத்த தலைப்புக்கு ஏற்கெனவே வரிகள் இருக்கின்றன, அவர்கள் எடுத்துத் தருகிறார்கள்.

தலைப்பே கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்று ஆளுக்கு ஒரு சத்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். காற்றில் பனையோலை, பாண் கொண்டுவரும் ஓட்டோவின் பாட்டு, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, கோயில் மணி. பார்த்ததைக் கேட்டால் எல்லோரும் மரம், பூ என்று எழுதுவார்கள். கேட்டதைக் கேட்டால்தான் வேறுவேறாக வரும்.

மிச்சத்தை வீட்டுவேலையாகக் கொடுங்கள்: வீட்டில் ஒரு சத்தம், அது எப்போது கேட்கும், எப்போது கேட்காது. அந்தக் கடைசிப் பாதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எப்போது கேட்காது என்று யோசிக்கும்போதுதான் பிள்ளை உண்மையில் கவனிக்கிறது. கிணற்றைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தது இது:

வாளி இறங்கேக்க கத்துது
ஏறேக்க கதைக்கேல்ல

இந்த இடத்தில் எங்களுக்கு நாக்கு துருதுருக்கும். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி, அடக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, பாடநூலோடு முடிச்சுப் போடலாம் என்று தோன்றும். வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்தப் பிள்ளை வாளியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. அடக்கம் என்று நாங்கள் சொன்னால் நாளைக்கு முப்பது கொப்பியிலும் அடக்கம்தான் இருக்கும், வாளி இருக்காது.

கிணற்றடிக்குப் போய்க் கேட்பதென்றால் வீட்டில் பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

8. எழுதுதல்: முதலில் ஒரு வரி

வெறுந்தாளைக் கொடுக்க வேண்டாம். புத்தகத்தின் நாலு வரியில் ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டு மற்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கைதட்டு எண்ணிக்கை சரிவர அந்த ஒரு வரியைப் பிள்ளை நிரப்பட்டும். அடுத்தது இரண்டு வரி. அதன் பிறகுதான் தான் கொண்டுவந்த சத்தத்தைப் பற்றிய சொந்த வரிகள். படி தாண்டினால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதுவார்கள்.

கொப்பியின் இடப்பக்கம் கிறுக்குவதற்கு. அங்கே வீட்டில் கதைக்கிறபடி எழுதலாம், எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி பார்க்காமலும் இருங்கள். வலப்பக்கம் திருத்திய பிரதிக்கு. அங்கே எழுத்துப்பிழை இருக்கக் கூடாது. ஆனால் பேச்சுச் சொல்லை எழுத்துத் தமிழாக்குவதா இல்லையா என்பதைப் பிள்ளை கைதட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். 'வந்திட்டுது' என்பதை 'வந்துவிட்டது' என்று நாங்கள் திருத்திக் கொடுத்தால் அடி நீண்டு தொங்கிவிடும். பரீட்சையில் எப்படி எழுத வேண்டும் என்பது வேறு பாடம், அதை வேறு நாளில் சொல்லலாம்.

வாசிக்கவே கஷ்டப்படும் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக் கொடுங்கள். நல்ல ஓசை வரிகள் சில அவர்களிடமிருந்து வரும். எழுத்தைப் பற்றிய பயம் இல்லாததால் காது திறந்திருக்கிறது.

9. புத்தகமாகக் கட்டுதல்

ஏ4 தாள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் குறுக்காக மடித்தால் எட்டுப் பக்கம். எழுத முன்னரே மடித்துப் பென்சிலால் பக்க எண் போடுங்கள். விரித்த தாளில் எழுதத் தொடங்கினால் 1ஆம் பக்கமும் 8ஆம் பக்கமும் அருகருகே நின்று குழப்பும். இந்தக் குழப்பம் ஒவ்வொரு வகுப்பிலும் நடக்கிறது.

1 அட்டை, 8 பின்னட்டை. உள்ளே ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. 2உம் 3உம் ஒன்றாகத் தெரியும். 4உம் 5உம் ஒன்றாக. 6உம் 7உம் ஒன்றாக. ஆகவே வாசிப்பவர் எதிர்பாராத வரியை 4இல் அல்லது 6இல் வைக்க வேண்டும். 3இல் வைத்தால் 2ஐ வாசிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். வாளிக் கவிதை என்றால், இறங்கும் வரி 5இல், பக்கம் திருப்பினால் ஏறும் வரி 6இல். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் வரிகளை மறுபடி அடுக்கத் தொடங்குவார்கள். வரிகளின் ஒழுங்கைப் பற்றி நீங்கள் வேறொன்றும் கற்பிக்க வேண்டியதில்லை.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டாது. ஊசி நூல் எடுங்கள். மடிப்பில் மூன்று ஓட்டை. நடு ஓட்டையால் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையால் உள்ளே, கீழ் ஓட்டையால் வெளியே, மறுபடி நடு ஓட்டையால் உள்ளே வந்து முடிச்சு. தரம் 3 என்றால் ஓட்டைகளை நீங்களே போட்டுக் கொடுங்கள்.

10. திருத்தமும் புள்ளியும்

புள்ளி போட வேண்டாம். பத்துக்கு ஏழு என்று போட்டால் குறைந்த மூன்று எங்கே என்று பிள்ளை கேட்கும், பதில் சொல்ல முடியாது. சிவப்புப் பேனையும் வேண்டாம். ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, ஏன் என்று எழுதுங்கள். "நன்று", "மிக நன்று" எழுதுவதால் பிரயோசனம் இல்லை. "கதைக்கேல்ல என்று நிறுத்தியது நல்லது" என்று எழுதினால் அடுத்த முறை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும்.

பெற்றோர் சிலர் வந்து கேட்பார்கள், இது பரீட்சைக்கு வருமா என்று. கட்டுரை எழுதும்போது தேவையில்லாத சொல்லை எடுக்கத் தெரிகிறதா என்று பிள்ளையின் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

11. தரம் 5 வகுப்பாக இருந்தால்

புலமைப்பரிசில் வகுப்பில் முழுவதையும் முதலாம் தவணையில் முடித்துவிடுங்கள். பிறகு நேரமும் கிடைக்காது, பிள்ளைகளின் மனமும் கிடைக்காது. பரீட்சை நெருங்கும் தவணையில் கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் நாலாம் படியையும் ஐந்தாம் படியையும் மட்டும் செய்யலாம்: இரண்டு வரி தட்டி, ஒன்றைக் கெடுத்து, ஒரு வசனத்தைத் துண்டில் பிரித்து அடுக்கி. எழுதுவதை விட்டுவிடுங்கள். அதைப் பரீட்சை முடிந்த பிறகு தொடரலாம். அப்போது வகுப்புக்கு வேறு வேலையும் இருக்காது, புத்தகம் தைக்க நேரமும் தாராளமாக இருக்கும்.